கரண்ட் வந்த பிறகு காட்டிய எடை

இன்று காலை உங்கள் அம்மா அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சி உரசினாள். லைட்டர் கெட்டுப்போய் ஒரு வாரம் ஆகிறது; புதுசு வாங்கி வராதது என் குற்றம்தான். அந்த வாடை மூக்கில் ஏறிய நேரம் பார்த்து, லேப்டாப்பை மடியில் வைத்திருந்த பெரியவள் கேட்டாள்: "அப்பா, கெர்னல் மாட்யூல் உள்ளேர்ந்து ஒரு ஃபைலைத் திறந்து படிக்க முடியுமா?"

"முடியும். பண்ணாத."

"கேள்விதானப்பா கேட்டேன். இன்னாத்துக்கு எரிஞ்சு விழற?"

லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்விட்டாள். ஏன் எரிந்து விழுந்தேன் என்று எழுதி வைக்கிறேன். சின்னவனே, நீயும் படி. உனக்குப் புரியாதது எதுவும் இதில் இல்லை.

தீக்குச்சி வாடை எனக்கு எண்ணூர் நெடுஞ்சாலையின் வாடை. உங்கள் இருவருக்கும் முந்திய காலம் அது. துறைமுகத்தில் இறங்கும் கந்தகம் லாரி லாரியாகத் திருவொற்றியூர் தாண்டி ஒரு யார்டுக்குப் போகும். தார்ப்பாய் கட்டியும் ரோடெல்லாம் மஞ்சள். அந்த யார்டில் லாரியை நிறுத்தி நிறை பார்க்கும் எடைமேடை ஒன்று இருந்தது. மேடைக்கு அடியில் சென்சார், கேபினுக்குள் ஒரு கம்ப்யூட்டர். சென்சார் சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் மாட்யூலை எழுதியது உங்கள் அப்பன். எங்கள் கம்பெனி ஒரு தகர ஷெட். பாலிடெக்னிக்கில் இரண்டு பேப்பர் பாக்கி வைத்திருந்த என்னை அங்கே 'சாஃப்ட்வேர்' என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிவயிறு. எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அது. அதோடு செருகும் சின்னத் துண்டுதான் மாட்யூல். ஒவ்வொரு எடைமேடைக்கும் ஒரு திருத்த எண் உண்டு. சென்சார் சொல்வதை அதால் பெருக்கினால்தான் சரியான எடை வரும். அந்த எண்ணை ஒரு ஃபைலில் வைத்தேன். மாட்யூலே அந்த ஃபைலைத் திறந்து படித்துக்கொள்ளும்படி எழுதினேன். எப்படி எழுதுவது என்று இன்டர்நெட்டில் எவனோ போட்டிருந்ததைக் காப்பியடித்தேன். அதற்குக் கீழேயே, 'இப்படிச் செய்யாதே, வெளியே ஒரு புரோகிராம் படித்து உள்ளே கொடுக்கட்டும்' என்றும் எழுதியிருந்ததாம். நான் கீழே வரைக்கும் போகவில்லை. ஓடியது, போதும் என்று மூடிவிட்டேன். ஃபைல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? எங்கள் ஷெட்டில் இருந்த சோதனை மேடையின் எண்ணை எடுத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

கேபினில் உட்கார்ந்திருந்தவள் எஸ்தர். கொருக்குப்பேட்டைக்காரி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். முதல் நாளிலிருந்தே எங்களுக்கு ஆகாது. "வாங்க இன்ஜினியர் நைனா" என்பாள். நான் இன்ஜினியர் இல்லை என்று தெரிந்துதான் சொல்வாள். அவள் முன்னால் கண்ணாடியில் ஒரு ஓட்டை. டிரைவர்கள் சரக்குச் சீட்டை அதன் வழியேதான் நீட்ட வேண்டும். ஒருமுறை, மேடையைச் சரிபார்க்க வைக்கும் எடைக்கற்களின் சீட்டை வெளியே பலகை மேல் வைத்துவிட்டு, வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"மேடை மேல வண்டி நிக்க சொல்லோ நான் ஏந்திரிக்க மாட்டேன். நான் பாக்கணும்னா நீ ஓட்டையில குடு."

"ரெண்டு அடி தூரம்தான?"

"ரெண்டு அடியோ ரெண்டு மைலோ. நான் வெளிய போற நேரத்துல வண்டி நவுந்துச்சுன்னா உங்கொப்பனா வந்து எடை சொல்லுவான்?"

திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் தகராறு ஆரம்பித்தது. துறைமுகத்தில் ஏற்றிய எடை ஒன்று, யார்டில் காட்டுவது வேறு, எப்போதும் குறைவு. வழியில் சரக்கை இறக்கிவிட்டான் என்று டிரைவர்கள் மேல் பழி. அவர்கள் கேபின் கண்ணாடியைத் தட்டுவார்கள். "இன்னாம்மா, ஒரு டன்னு கந்தகத்த நீயே துன்னுட்டியா? வயிறு எரியல?" இவளும் விடமாட்டாள். "உன் வண்டியில முழுசா ஏத்தினு வந்து கேளுடா, காலி மூஞ்சி!"

யார்டு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நான் போவேன், மாட்யூலைக் கழற்றி மறுபடி ஏற்றுவேன், கற்களை வைத்துப் பார்ப்பேன், அச்சுப் பிசகாமல் காட்டும். மூன்று முறை இப்படி. மூன்றாவது முறை மேனேஜர் என்னைப் பார்க்காமல் எஸ்தரைப் பார்த்தார். "மெஷின் சரியாதான் இருக்கு. அப்போ கை யாரோடது?"

"சார், இவன் வந்தா சரியா காட்டுது, போனா தப்பா காட்டுது. ஒரு நாள் பூரா இவன இங்க குந்த வைங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். மத்தியானம் கரண்ட் போனது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி கண்ணுக்கு எதிரில், எங்களுக்குக் கரண்ட் இல்லை. பத்து நிமிஷத்தில் வந்தது, கம்ப்யூட்டர் தானாக எழுந்தது. அடுத்த லாரி மேடை ஏறியது. எடை குறைந்தது.

கம்ப்யூட்டர் தானாக எழுதிவைக்கும் பதிவைத் திறந்தேன். 'ஃபைல் இல்லை' என்று ஒரு வரி. ஃபைல் கிடைக்காவிட்டால் பதியட்டும் என்று மாட்யூலில் நானே எழுதி வைத்த வரி. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மெஷின் எழும்போது என் மாட்யூல் முதலிலேயே எழுந்துவிடுகிறது; ஃபைல் இருக்கும் டிஸ்க் அதற்கு அப்புறம்தான் வந்து சேர்கிறது. இல்லாத ஃபைலைத் தேடிவிட்டு, ஷெட்டின் எண்ணை வைத்துப் பெருக்குகிறது. நான் கையால் ஏற்றும்போது டிஸ்க் தயாராக இருக்கும், அதனால் சரியாகிவிடும்.

மேனேஜர் படியேறி வரும் சத்தம் கேட்டது. மாட்யூலைக் கழற்றி மறுபடி ஏற்றும் இரண்டு கட்டளைகளை வேகமாகத் தட்டினேன். திரையில் எடை ஏறிச் சரியானது.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார். சரியாத்தான் கீது."

எஸ்தர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப இன்னா தட்டுன நீ?"

"சொன்னா உனக்கு இன்னா புரியும்?"

அப்போதும் லாரி மேடை மேல்தான் நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. அந்தச் சீட்டை முடித்து ஓட்டையில் நீட்டிவிட்டுத்தான் டிபன் பையை எடுத்தாள். சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். லாரிக்காரர்களோடு கூட்டு என்று பேச்சு. எந்த லாரிக்காரன் அவளோடு கூட்டு சேருவான்? அதைக்கூட நான் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்று பயம். அதைவிட, அவளிடம் தோற்கப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் சத்தமில்லாமல் திருத்தினேன். ஃபைலை வெளியே ஒரு சின்ன புரோகிராம் படிக்கும், மாட்யூலிடம் எண்ணை நீட்டும். எண் வந்து சேரும்வரை மாட்யூல் எடையே காட்டாது. ஓட்டையில் சீட்டை நீட்டும்வரை எழுந்திருக்காமல் அவள் உட்கார்ந்திருந்த மாதிரியேதான். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனாலும் சொல்லவில்லை. எஸ்தர் எனக்கு நல்லவள் ஆகிவிடவும் இல்லை. இன்று எதிரே வந்தாலும் திட்டத்தான் செய்வாள். திட்டட்டும். இரண்டு வருஷம் கழித்துக் கொருக்குப்பேட்டையில் தேடினேன். "அவுங்க வூட்டக் காலி பண்ணினு போயி எவ்ளோ நாளாச்சு. நீ யாரு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். யார் என்று சொல்லாமல் வந்துவிட்டேன்.

பெரியவளே, அன்று நான் எழுதிய முறை இப்போதைய கெர்னலில் ஓடாது. அந்தப் பழைய வழியை எடுத்தே விட்டார்கள். வேறு வழி இருக்கிறது, நீ கண்டுபிடித்துவிடுவாய். கண்டுபிடித்தாலும் ஃபைல் கிடைக்காதபோது உன் மாட்யூலை நிறுத்திவிடு. ஏதோ ஒரு எண்ணை வைத்து ஓட்டாதே.

போன மாதம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். யார்டு இல்லை. கேபின் இல்லை. மேடையைப் பெயர்த்துக் காயலான் கடைக்குக் கொடுத்துவிட்டார்கள் போல. அது இருந்த குழியில் மழைத்தண்ணீர் நின்றது. அந்தக் கம்ப்யூட்டரும் கூடவே போயிருக்கும். எஸ்தர் மேல் தப்பில்லை என்பதற்கு அந்த யார்டில் எழுத்தில் இருந்தது, அதன் பதிவில் 'ஃபைல் இல்லை' என்ற ஒரே ஒரு வரிதான். அதைப் படித்தவன் நான் ஒருவன்தான்.