வெயிலில் தெரியாத நெருப்பு

எங்கள் வேன் ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் ‘அளவுக்காரி’. முகத்துக்கு நேரே அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். டயரில் காற்று, ரேடியேட்டரில் தண்ணீர், வண்டியில் ஏறிய பிள்ளைகளின் தலை, இவ்வளவையும் சரிபார்க்காமல் சாவியைத் திருக மாட்டார். அவருடைய வீட்டுக்காரர் தையல்காரர். “அளவெடுக்கிறது என் தொழில், அந்தப் பைத்தியம் பிடிச்சது இவளுக்கு” என்று கேலி செய்வார்.

பழைய சமையல் எண்ணெயிலிருந்து டீசல் செய்யலாம் என்பதை அக்காவுக்குச் சொன்னது அவருடைய நாத்தனார். கல்லூரி வேதியியல் கூடத்தில் உதவியாளர். கேன்டீன்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி வடிகட்டி, சூடாக்கி, மெத்தனாலில் கரைத்த காஸ்டிக் சோடாவை அதில் கலக்க வேண்டும். சொல்ல இரண்டு வரிதான். “அண்ணி, ரெண்டுமே பொல்லாத சரக்கு. சோடா கண்ணுல பட்டா கண்ணு போயிடும். மெத்தனால் வாயில போனா உயிரே போயிடும். அதோட ஆவி தரையோட தரையா ஓடும், எங்க தீப்பொறி இருக்குன்னு தேடிட்டே போகும்” என்று நாத்தனார் முதல் நாளே பயமுறுத்தியிருக்கிறார். அக்கா முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை வாங்கினார். முகத்தோடு ஒட்டி நிற்கும் கண்ணாடி வாங்கினார். இதற்கென்று வீட்டை ஒட்டிப் போட்டிருந்த கொட்டகையின் இரண்டு கதவுகளையும் திறந்து வைக்காமல் கேனைத் தொட்டதில்லை.

அவருடைய வேன் அந்த டீசலில் சிணுங்காமல் ஓடுவதைப் பார்த்து எங்களில் மூன்று பேருக்கு ஆசை வந்தது. மூவரில் நானும் ஒருவன். ஒரு மதியம் போய்க் கற்றுக்கொண்டோம். கையுறையும் கண்ணாடியுமாக அவர் நின்ற கோலத்தைப் பார்த்து, “என்னக்கா, நிலாவுக்குக் கிளம்பிட்டீங்களா?” என்று கேட்டு, பாதி நேரம் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

இது நடந்து சரியாக ஒன்பது நாள். பள்ளி விடுமுறை நாள், நடுப்பகல். மெத்தனால் கேன்மேல் வெயில் விழுகிறதே என்று அக்கா அதைத் தூக்கி நிழலில் வைத்தார். நிழல் இருந்தது எண்ணெய் இறைக்கும் சின்ன மோட்டாருக்குப் பக்கத்தில். கேனின் மூடி மரையில் சரியாக ஏறாமல் கோணலாக உட்கார்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. மோட்டார் சுவிட்சைப் போட்டார்.

‘டப்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கதவு வழியாக வெயில் பளீரென்று உள்ளே விழுந்திருந்தது.

அப்புறம்தான் துடைப்பத்தைப் பார்த்தார். சுவரில் சாய்ந்திருந்த துடைப்பத்தின் நுனிகள், யாரும் தொடாமல், கறுத்துச் சுருண்டுகொண்டிருந்தன. தரையில் விரித்த ரப்பர் பாய் ஓரமாக மடங்கிக் குமிழ் விட்டது. புகையில்லை, சுடரில்லை. முகத்தில் மட்டும் அனல். காற்று, வெயில் நேரத்துத் தார்ச்சாலை மாதிரி நெளிந்தது.

அந்த நேரம் பார்த்துச் சாப்பிடக் கூப்பிட வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

“நில்லுங்க! உள்ள வராதீங்க! நெருப்பு!”

“எங்கம்மா நெருப்பு?” என்று சுற்றிலும் பார்த்தபடி இன்னும் ஓர் அடி வைத்தார். கால்சட்டையின் விளிம்பு கறுத்து மேலே ஏறியது. அவர் குனிந்து தன் காலையே பார்த்தாராம். “கால் எரியுது... ஆனா ஒண்ணும் இல்லையே” என்றாராம். அந்தக் குரலில் வலியைவிடக் குழப்பம்தான் இருந்தது என்று அக்கா சொன்னார்.

அவரை நெஞ்சில் கைவைத்து வெளியே தள்ளி, கை கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரை முழுதாகக் காலில் கவிழ்த்தார். பிறகு மணல் தேடினார். மணலில்லை. டீசலைக் கழுவும்போது நுரை அடங்க ஒரு பிடி போடுவதற்கென்று வாசலோரம் உப்பு மூட்டை இருந்தது. இரண்டு கையாலும் அள்ளி வீசினார்.

மெத்தனால் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. உப்பு விழுந்ததும் அது மஞ்சளாகத் தெரிந்தது. இடுப்பளவு உயரம். துடைப்பத்தடியிலிருந்து சுவர் வரைக்கும் பரந்து, கலவை ஊற்றி வைத்திருந்த டிரம்மின் அடியை நக்கிக்கொண்டிருந்தது.

“அப்பத்தான்டா பார்த்தேன். அவ்வளவு நேரமும் நான் அதுக்குப் பக்கத்துலயேதான் நின்னுட்டு இருந்திருக்கேன்” என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வெளியே ஓடி மெயின் சுவிட்சை அணைத்தார். வேனில் மாட்டியிருந்த தீயணைப்பான் உருளையைப் பிடுங்கி வந்து கதவருகில் நின்று, மஞ்சள் தெரிந்த இடமெல்லாம் தூளை அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு உருளையோடு வந்தார். டிரம் வெடிக்கவில்லை. ஏன் வெடிக்கவில்லை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரருக்குக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கட்டு. நர்ஸ் அக்காவிடம், “எவ்வளவு கெமிக்கல் இருந்துச்சு?” என்று கேட்டிருக்கிறார். லிட்டரும் கிராமும் நாக்கு நுனியில் வைத்திருக்கிற மனுஷி, “தெரியல, தெரியல” என்று மட்டும் சொன்னாராம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று எழுந்து, “ஐயோ, அந்த மூணு பேரு!” என்றாராம். நாத்தனாரைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு நேரே கிளம்பிவிட்டார்.

முதலில் வந்தது என் வீட்டுக்கு. நான் வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உடையெல்லாம் வெள்ளைத் தூள். நெற்றிமுடி கருகி நாறியது.

“மெத்தனாலை எங்க வச்சிருக்க?”

“சமையலறையிலதான்க்கா. பத்திரமாத்தான் இருக்கு.”

என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி பக்கத்தில் நின்றாள். அலமாரியில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள். கேனிலிருந்து மெத்தனாலை நான்தான் காலையில் அவற்றில் ஊற்றி வைத்தேன். சொல்ல வேண்டும் என்று நினைத்து, மறந்து போயிருந்தேன்.

“இது என்னம்மா?” என்றார் அக்கா.

“தண்ணிதான்க்கா. குடிக்கிறீங்களா?” என்று அவள் ஒன்றை எடுத்து, நீட்டுவதற்காக மூடியைத் திருகினாள்.

அக்கா பாய்ந்து பாட்டிலின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். மறு கையால் அடுப்பை அணைத்தார். பால் நுரை மெல்ல அடங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். பள்ளியில்லாத நாள். என் மகள் பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து எத்தனை தடவை அவள் தண்ணீர் கேட்டு இங்கே வந்தாளோ என்று நினைத்து, அந்த அறைக்கு ஓடி அவளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

அக்கா எங்கள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதார். “கையுறை சொன்னேன், கண்ணாடி சொன்னேன். வேற பாட்டில்ல ஊத்தாதீங்கன்னு நான் சொல்லவே இல்லையேடா.”

சொன்னார். இரண்டு தடவை சொன்னார். நான்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. என் மனைவி என்னோடு முகம் கொடுத்துப் பேச அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆயிற்று.

மற்ற இரண்டு பேரில் ஒருவர் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார், இன்னொருவர் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில். எல்லாவற்றையும் நாத்தனார் முறையாக அழிப்பதற்காகக் கல்லூரிக்கு எடுத்துப் போனார். அதன் பிறகு ஒரு வருஷம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில், நான்கு கம்பமும் மேலே கூரையும் மட்டும் போட்டு மறுபடி செய்கிறோம். சுவர் கிடையாது. மோட்டாருக்குப் பதில் கையால் இறைக்கும் பம்பு. மெத்தனால் வந்த கேனிலேயே இருக்கும், மேலே சிவப்பில் எழுதியிருக்கும். நாத்தனார் வராத நாளில் மூடியைத் தொடக்கூடாது. நான்கு பேரும் கையுறையும் கண்ணாடியுமாக நிற்கிறோம். யாரும் சிரிப்பதில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் வருவதில்லை. கால் ஆறிவிட்டது, நன்றாகவே நடக்கிறார். ஆனால் உச்சி வெயிலில் தூரத்துச் சாலை நெளிவதைப் பார்த்தால் சட்டென்று நின்றுவிடுவார். அக்கா பத்தடி முன்னால் நடந்துபோய், திரும்பி நின்று, “வாங்க” என்பார். அதன் பிறகுதான் அவர் கால் எடுத்து வைப்பார்.