ஜப்பானாகிப் போன சைக்கிள்

தென்னாப்பிரிக்காவில் பழைய சைக்கிள்களுக்காக ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கூடிப் பேசிக்கொள்ள இணையத்தில் ஒரு பக்கமே வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டுப் பட்டறைகளிலேயே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த ரேஸ் சைக்கிள்கள் அவை. ஆட்டுக்கடாக் கொம்பு போலக் கீழே வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனில் டயர். யாராவது வீட்டுக் கொட்டகையிலிருந்து ஒன்றைக் கண்டெடுத்துப் படம் போட்டால் போதும், மற்றவர்கள் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி சூழ்ந்துகொள்வார்கள். பட்டறை எந்தத் தெருவில் இருந்தது, செய்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிப்பார்கள். பெயிண்ட் உரிந்திருந்தாலும் பரவாயில்லை, முகப்பில் இருக்கும் பட்டறைத் தகடு அசலா என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வி.

எனக்கு அந்த நாட்டோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அவ்வப்போது அந்தப் பக்கத்துக்குப் போய்ப் படங்களைப் பார்த்துவிட்டு வருவேன். தொண்ணூறுகளில் துபாய் அல் குசைஸில் எங்கள் வீட்டு பால்கனியில் அப்படி ஒரு சைக்கிள் சில வாரங்கள் நின்றிருந்தது. வரும்போது அது தென்னாப்பிரிக்க சைக்கிளாக வந்தது. போகும்போது ஜப்பான் சைக்கிளாகப் போனது.

அதன் சொந்தக்காரர் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார். டர்பன் நகரத்துக்காரர். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் வம்சம். ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழ் ஒரு கைக்குள் அடங்கும்: வணக்கம், அம்மா, ரசம், போதும். மற்றதெல்லாம் இங்கிலீஷ். வாப்பா வேலை பார்த்த மளிகைக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்க வந்து பழக்கமானவர். எங்கள் வீட்டில் அவரை டர்பன் சார் என்போம். ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் அவர் சூப்பர்வைசர். அதே கிடங்கில்தான் என் மாமா, உம்மாவின் தம்பி, லோடிங் வேலை செய்தார்.

மாமாவுக்கு அப்போது ஊரில் பெண் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று பெண் வீட்டார் போனில் கேட்டபோது, பெட்டி தூக்குகிறான் என்று சொல்ல உம்மாவுக்கு நாக்கு எழவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் என்று சொல்லிவிட்டார். அடுத்த லீவில் நிக்காஹ். அதற்குள் மாமா நிஜமாகவே ஆபரேட்டர் ஆகிவிட வேண்டும். கிடங்கில் ஒரு வண்டிக்கு ஆள் எடுக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. யாரை அதில் உட்கார வைப்பது என்பது டர்பன் சாரின் ஒரு வார்த்தையில் இருந்தது.

இந்த நிலைமையில்தான் டர்பன் சார் மகளின் கல்யாணத்துக்காக ஊருக்குப் புறப்பட்டார். அவர் வீடு தரைத்தளம். சைக்கிளை அங்கே பூட்டி வைத்துவிட்டுப் போக அவருக்கு மனசில்லை. எங்கள் மூன்றாம் மாடிக்கு அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் படிக்கக் கற்றுக்கொண்ட முதல் ஆள் நான். அப்போது நாலாம் வகுப்பு. மருந்து பாட்டிலிலிருந்து மின்சார பில் வரை வீட்டுக்கு வரும் எல்லா எழுத்தையும் என் முன்னால்தான் நீட்டுவார்கள். அன்று டர்பன் சார் பேசியதையும் நானே வாப்பாவுக்குச் சொன்னேன்.

"கடையில வாங்கினது இல்லையாம் வாப்பா. இவங்க கையி, காலு எல்லாம் டேப் வச்சு அளந்து, சட்டை தைக்கிற மாதிரி செஞ்சாங்களாம்."

"பாவம், கடையில கிடைக்கலை போல" என்றார் வாப்பா.

"இவங்க ஊருலேயே செஞ்சதாம். அடுத்த தெருவுல."

ஒருவருடைய கஷ்டத்தைக் கேட்டால் வாப்பா தலையை ஆட்டுவாரே, அப்படி ஆட்டினார். டர்பன் சார் முகப்புத் தகட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்துவிட்டு, "போதும்" என்று தமிழில் சொல்லி விடைபெற்றார்.

எங்கள் வீட்டில் உலக நாடுகளுக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் ஜப்பான். அப்புறம் ஜெர்மனி. அதற்குக் கீழே கொரியா. சீனப் பொருள் என்றால் வாங்கும்போதே ஒரு பெருமூச்சு. டேப் ரெக்கார்டரோ அயர்ன் பாக்ஸோ, புரட்டிப் பார்த்து நாட்டின் பெயரைப் படித்துவிட்டுத்தான் விலையே கேட்பார்கள். லோக்கல் என்பது வசைச்சொல். அந்த வரிசையில் தென்னாப்பிரிக்காவுக்கு இடமே கிடையாது.

வாப்பா சைக்கிள் மேல் பெட்ஷீட்டைப் போர்த்தி, அது அமானிதம் என்று அறிவித்தார். ஒருவர் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன பொருள். தொடக்கூடாது, ஓட்டக்கூடாது, துணி காயப்போட அதன் மேல் ஏறக்கூடாது.

வெள்ளிக்கிழமை தொழிலாளர் கேம்பிலிருந்து வந்த மாமா பெட்ஷீட்டை விலக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன லாத்தா இது? ஹேண்டில்பார் தலைகீழா இருக்கு."

"அப்படியே இருக்கட்டும். உன் மச்சான் தொடக்கூடாதுன்டு சொல்லியிருக்காக" என்றார் உம்மா.

"அவ்வளவு பெரிய ஆளு, இதுல குனிஞ்சு குனிஞ்சா ஓட்டுறாரு? கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை. ஒரு பெல்லு கூட இல்லையே." முகப்புத் தகட்டைக் காட்டி என்னிடம், "இதுல என்னடா போட்டிருக்கு?" என்றார்.

ஒரு மனிதரின் பெயரும் டர்பன் என்பதும் இருந்தன. கீழே, 'தென்னாப்பிரிக்காவில் தயாரானது' என்று இருந்தது. படித்துச் சொன்னேன்.

"லோக்கல் மாலா!" என்றார் மாமா. எங்கள் சூப்பர்வைசருக்கா இப்படி என்கிற வருத்தம் அவர் குரலில் நிஜமாகவே இருந்தது. அந்த வருத்தத்திலிருந்து யோசனையும் பிறந்தது. அமானிதத்தைக் குறைத்துக் கொடுத்தால்தானே தப்பு? கூட்டிக் கொடுத்தால்?

கடையில் வெள்ளிக்கிழமை மாலைதான் கூட்டம். வாப்பா வீட்டில் இல்லாத அந்த நேரமாகப் பார்த்து, மாமாவும் நானும் சைக்கிளைக் கீழே இறக்கி, இரண்டு தெரு தள்ளியிருந்த பெஷாவர்காரரின் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"பாய், யே ரேஸ்வாலா ஹை. ஐஸாஹீ ஹோதா ஹை."

ரேஸ் வண்டி இப்படித்தான் இருக்கும் என்று அவர் சொன்னது எனக்கே புரிந்தது. மாமா விடவில்லை, தெரியும் என்று கையை அசைத்தார்.

"மாலூம், மாலூம். ஊப்பர் கரோ பாய். ஜல்தி."

கொம்பு மேல்நோக்கித் திரும்பியது. கேரியர் ஏறியது, ஸ்டாண்டு வந்தது, தகர மட்கார்டு வந்தது, பெல் வந்தது. பின் சக்கரத்தில் மஞ்சள் குஞ்சம் வேண்டுமா என்று கடைக்காரர் கடைசியில் கேட்டது கேலி என்று இப்போது தோன்றுகிறது. மாமா அதையும் போடச் சொன்னார். திரும்ப மேலே ஏற்றி, வாப்பா கண்ணில் படாதபடி பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மிச்ச வேலை. முகப்புத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். குழாயில் ஒட்டியிருந்த பட்டறைப் பெயரைத் தின்னரும் பிளேடும் கொண்டு சுத்தமாகச் சுரண்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளி நிற லேபிளை எடுத்தார். கிடங்கில் கிழிந்துபோன டி.வி. பெட்டியிலிருந்து உரித்தது. 'மேட் இன் ஜப்பான்.'

"நேரா இருக்கா பாரு" என்றபடி தகடு இருந்த இடத்தில் ஒட்டினார். கடைசியாக, பெட்டிகளை அடுக்கிச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக்கால் சைக்கிள் முழுவதையும் இறுக்கிச் சுற்றினார். புதுப்பொருள் என்றால் பிளாஸ்டிக் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு ரிமோட்டும் அப்படித்தான் இருந்தது.

அன்று வாப்பா சீக்கிரம் வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனி வாசலில் நின்றார்.

"அமானிதத்துல கை வச்சிட்டியே மாப்ளே."

"குறைக்கலையே மச்சான். கூட்டித்தானே வச்சிருக்கேன்."

"அந்த மனுஷன் இப்படிச் செய்யச் சொன்னாரா?"

"அவரா கேப்பாரு? கூச்சப்பட்டிருப்பாரு. லோக்கல் சைக்கிளை வச்சுக்கிட்டு..."

"தகடு எங்கே?"

உம்மா, குப்பையோடு போய்விட்டது என்று மெதுவாகச் சொன்னார். வாப்பா உட்கார்ந்துவிட்டார். "உன் வேலைக்கு நீயே உலை வச்சிட்டே. ஹலாஸ், எல்லாம் முடிஞ்சுது" என்றார். மாமாவின் முகம் அப்போதுதான் முதல்முறையாக வெளுத்தது. அதன் பிறகு டர்பன் சார் திரும்பும் நாள் வரை வீட்டில் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. ஊரிலிருந்து போன் வந்தால் உம்மா குளித்துக்கொண்டிருப்பார்.

டர்பன் சார் அவர் ஊர் மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டு வந்தார். தமிழ் வீட்டுக்கு ஊறுகாயா என்று சிரிக்க வேண்டிய நேரம், யாரும் சிரிக்கவில்லை. வாப்பா கண்ணை மூடிக்கொள்கிற மாதிரி ஒரு முகத்தோடு பெட்ஷீட்டை இழுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மாமா பெல்லை ஒருமுறை அடித்தார்.

டர்பன் சார் சைக்கிளை முன்னாலிருந்து பின்னால் வரை பார்த்தார். குஞ்சத்தைத் தொட்டார். முகப்புக்குத் திரும்பி வந்து, பிளாஸ்டிக்குக்கு மேலாகவே கட்டைவிரலை வைத்து, லேபிளைப் படித்தார்.

"ஜப்பான்" என்றார்.

"சார், குட் சைக்கிள் சார்" என்றார் மாமா. அவருடைய இங்கிலீஷ் அத்தோடு தீர்ந்தது.

பழைய தகடு இருக்கிறதா என்று டர்பன் சார் என்னிடம் கேட்டார். குப்பைக்குப் போய்விட்டது என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததால் மாமா சிரித்தார், மாமா சிரித்ததால் உம்மா சிரித்தார். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கி எல்லாரும் டீ குடிக்க உட்கார்ந்த பிறகும் டர்பன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்பச் சிரித்தால் எனக்கும் அப்படி வரும்.

அந்த மாதமே மாமாவை ஃபோர்க்லிஃப்ட் பழகச் சொன்னார்கள். உம்மா ஊருக்குச் சொன்ன பொய் நிக்காஹுக்கு முன்னால் உண்மையாகிவிட்டது. எல்லாம் அந்த ஜப்பான் லேபிள் செய்த வேலை என்று மாமா கேம்ப் முழுக்கச் சொல்லித் திரிந்தார். என் மனதிலும் அதில் சந்தேகம் இருக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, கடைவாசலில் அந்த சைக்கிள் சாய்ந்திருப்பதைப் பார்த்தேன். கொம்பு பழையபடி கீழே வளைந்திருந்தது. கேரியர், மட்கார்டு, பெல் எதுவும் இல்லை. குஞ்சமும் இல்லை. பிளாஸ்டிக்கையும் கிழித்திருந்தார். ஆனால் வெள்ளி லேபிள் அப்படியே முகப்பில் மின்னியது. கறிவேப்பிலையோடு வெளியே வந்தவரிடம், இதை மட்டும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

அவர் சைக்கிளில் சாய்ந்துகொண்டு சொன்னார். அவர் சின்ன வயதில் டர்பன் கடற்கரையில் வரிசையாக பெஞ்சுகள் உண்டாம். துறைமுகத்துக்குக் கப்பலில் வரும் ஜப்பான்காரர்கள், வெள்ளைக்காரர்களைப் போலவே, எந்த பெஞ்சில் வேண்டுமானாலும் உட்காரலாமாம், எந்த இடத்திலும் கடலில் இறங்கிக் குளிக்கலாமாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். "என் சைக்கிளும் கொஞ்ச நாள் ஜப்பான்காரனாக இருந்து பார்க்கட்டுமே" என்றார்.

"நீங்க எந்த பெஞ்சுல உட்காருவீங்க?"

"நான் உட்காரலை. தள்ளி நின்னு பார்ப்பேன்."

சொல்லிவிட்டு, முதுகை வளைத்துக் குனிந்து, ஒரு மிதியில் தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டார்.

கடைக்குள் ஓடி வாப்பாவிடம் சொன்னேன். "பார்த்தியா, அங்கேயும் ஜப்பான்டா ஒரு மரியாதைதான்" என்றார் வாப்பா, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்கும் அது சரியென்றே பட்டது. பெஞ்சு விஷயத்தில்தான் அவருக்காகக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. மாமாவோடு நாங்களும் சில வெள்ளிக்கிழமை ஜுமேரா கடற்கரைக்குப் போவதுண்டு. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து கிளம்பினால் அங்கே உட்கார ஒரு இடம் கிடைக்காது, மணலில்தான் பாயை விரிக்க வேண்டும். டர்பனிலும் கூட்டம் அப்படித்தான் போலிருக்கிறது, அவர் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகப் போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.