தம்புரா கேட்காத ஸ்பீக்கர்

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகன், திரும்பிப் போகும்போது தன் பழைய லேப்டாப்பை எனக்கென்று விட்டுவிட்டுப் போனான். கூடவே ஒரு கட்டு கச்சேரி சிடிகள். தொண்ணூறுகளின் கடைசி அது. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் லேப்டாப் வந்த முதல் வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். எப்படித் திறப்பது, சிடியை எங்கே வைப்பது, எதையெல்லாம் தொடக்கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தான். தொடக்கூடாதவைதான் அதிகம். அவன் விமானம் ஏறிய மறுநாள் காலை காப்பி குடித்துவிட்டு முதல் சிடியைப் போட்டேன். பாட்டு வந்தது. தகர டப்பாவுக்குள் கொசுவை அடைத்த மாதிரி வந்தது. தனியாக ஸ்பீக்கர் வாங்கி மாட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று ஃபோனில் சொன்னான்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் கச்சேரிகளில் தம்புரா போடுகிறவள். பாடகிக்குப் பின்னால் உட்கார்ந்து கச்சேரி முடியும்வரை நாலு தந்திகளை மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சபாக்காரர்கள் அச்சடிக்கும் நோட்டீஸில் வயலின், மிருதங்கம் எல்லாம் இருக்கும், நான் இருக்க மாட்டேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, ஏனென்றால் எனக்குக் காது இருந்தது. தம்புராவில் தந்திக்கும் அது படிந்திருக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு பருத்தி நூல் வைப்போம். ஜீவா என்று அதற்குப் பெயர். அதை மயிரிழை அளவு நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்தினால் தந்தியின் ஒலிக்கு மேலே இன்னொரு மெல்லிய ரீங்காரம் எழும்பும், அதையும் ஜீவா என்றுதான் சொல்வோம். அந்த இடத்தைப் பிடிப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்று வித்வான்களே சொல்லியிருக்கிறார்கள். நான் அதைக் கேட்டுச் சும்மா இருந்திருக்கலாம். தலையில் ஏற்றி வைத்துக்கொண்டேன்.

ஸ்பீக்கர் வாங்க அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அடையாறில் இருந்த அக்காவுக்குச் சங்கீதம் வராது. சின்ன வயதிலேயே இவளுக்குக் காது இல்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவை மாற்றாமல் காப்பாற்றி வந்தவர்களில் நானும் ஒருத்தி. அவளும் அதை ஏற்றுக்கொண்டு, நான் தம்புரா போடும் கச்சேரிகளுக்கெல்லாம் வந்து, முன் வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் ஒரு வார்த்தை அபிப்பிராயம் சொல்லாமல் பஸ் ஏறிப் போவாள். அன்றைக்குப் பாண்டி பஜாரில் ரவிக்கைத் துணி வாங்க வேண்டும் என்று வந்தவள், லேப்டாப்பைத் துண்டில் சுற்றி ஒயர் கூடைக்குள் வைத்திருந்த என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கூடையின் ஒரு காதைத் தான் பிடித்துக்கொண்டாள்.

தி.நகர் கடையில் நான் வைத்த பரீட்சை ஒன்றே ஒன்றுதான். எங்கள் கச்சேரி சிடிகளில் பாடகர் வாயைத் திறக்கும் முன் கொஞ்ச நேரம் தம்புரா மட்டும் கேட்கும். அது போதும் எனக்கு. ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பது போலத்தான். கடைக்காரருக்கு இது பிடிபடவில்லை. டிரம்ஸ் அதிரும் சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். வேண்டாம் என்று என் சிடியைப் போடச் சொன்னேன். தம்புரா வந்தது, மழுங்கிப்போய், ஜீவாவே இல்லாமல். அடுத்த ஜோடியை மாட்டச் சொன்னேன். அதிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. பாட்டு ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போடச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

“பாட்டு வர்றதுக்குள்ள நிறுத்திக்கினே கீறீங்க மாமி. பாட்ட கேளுங்க” என்றார் கடைக்காரர்.

அவருக்குச் சுருதியைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். தம்புரா சரியாக வராத பெட்டியில் பாட்டு எப்படி வரும் என்று கேட்டேன். இந்தக் காலத்து ஸ்பீக்கர் செய்கிறவர்கள் எல்லாம் செவிடர்கள் என்றும் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அக்கா துண்டை மடித்துக் கூடைக்குள் வைத்தாள்.

ரவிக்கைத் துணியை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ரிச்சி தெருவுக்குப் போனோம். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் என்றால் அங்கே கிடைக்காதது இல்லை. நல்ல வெயில். ஒரு ஆள் நுழைகிற அகலத்தில் ஒரு கடை. அங்கேயும் அதே கதை. இரண்டு மூன்று ஜோடிகளை நான் உதறித் தள்ளிய பிறகு கடைக்காரர் உள்ளே போய், மரப்பெட்டி போட்ட பெரிய ஸ்பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். இதைவிட உசத்தி தன்னிடம் இல்லை என்றார். மாட்டினார். நான் கண்ணை மூடிக் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினேன். ட்ரெபிள் என்று எழுதியிருந்த குமிழை அவர் கொஞ்சம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் என்றேன். கடைசிவரை திருப்பிவிட்டார்.

“இதிலேயும் ஜீவா இல்லையே” என்று கண்ணைத் திறந்தேன்.

அக்கா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். தெருவில் போன ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இருவரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றியது. என்ன என்று அக்காவை அதட்டினேன்.

“எனக்குக் கேக்கறதுடி” என்றாள் அக்கா. “முதல் கடையிலேயே கேட்டுது. இப்போ காதைக் குத்தறது.”

உனக்கென்ன தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வந்தது. ஆனால் அவள் கை இன்னும் காதருகிலேயே இருந்தது. வெளியில் நின்றவரும் கடைக்காரரும் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று எனக்கு மட்டும் கேட்கவில்லை. அந்தச் சின்னக் கடையில் காதில்லாதவள் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, கடைசியாக எனக்கும். கடைக்காரர் குமிழைப் பழையபடி திருப்பிவைத்துவிட்டு, தன் நைனாவுக்கும் இப்படித்தான், வயசானால் யாருக்கும் வருவதுதான் என்று தன்மையாகச் சொன்னார். அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அக்கா எதைக் காட்டுகிறாளோ அதைக் கட்டிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வெயிலில் போய் நின்றுகொண்டேன்.

ஆட்டோ ராயப்பேட்டை நெரிசலில் நின்றபோது அக்காவாகவே பேசினாள்.

“ரெண்டு வருஷமாவே மேடையில உன் தம்புரா கரகரன்னுதான் கேக்கறது. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதேன்னு பேசாம இருந்துட்டேன்.”

அவளுக்குக் காது இல்லை என்று நாங்கள் சொல்லி வைத்ததால் அவள் சொல்லவில்லை. விஷயம் எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. ரீங்காரம் என் காதுக்கு எட்டுகிறவரை நூலை நகர்த்தியிருக்கிறேன், அது எனக்கு எட்டுவதற்குள் மற்ற எல்லாருக்கும் கரகரப்பாகியிருக்கிறது. நான் வழக்கமாகத் தம்புரா போடும் பாடகி, இரண்டு சீஸனாக மேடையில் ஒரு எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டியைத் தன் முழங்கால் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். கச்சேரி ஆரம்பித்ததும் அதன் சத்தத்தைக் கூட்டுவாள். உயிருள்ள தம்புரா பின்னால் இருக்கும்போது இந்தப் பொம்மை எதற்கு என்று நான் எல்லார் முன்னாலும் கேலி செய்திருக்கிறேன். சும்மா ஒரு துணைக்கு மாமி என்று சிரிப்பாள். என்னை விலக்கவும் மனசில்லாமல், என் தம்புராவைச் சகிக்கவும் முடியாமல் அவள் செய்த காரியம் அது. நானோ ஒவ்வொரு மேடையிலும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாக ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அந்த முகத்தை முன் வரிசையிலிருந்து பார்ப்பது போல முதல்முறையாகப் பார்த்தேன். உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அக்காதான் ஒயர்களைத் தேடித் தேடி மாட்டினாள். பாட்டு கணீரென்று வந்தது. கேட்கிறதா என்று கேட்டாள். பாட்டு நன்றாகக் கேட்கிறது என்றேன். பொய் இல்லை. பாட்டு கேட்டது.

அடையாறில் ஒரு காது டாக்டரையும் போய்ப் பார்த்தேன். நரம்பு தளர்ந்துவிட்டது, திரும்ப வராது என்றார். மார்கழி நெருங்கிக்கொண்டிருந்தது. பாடகிக்குச் சொல்லியாக வேண்டும். உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. முழங்கால் வலி, மேடையில் சம்மணம் போட முடியவில்லை என்று சொல்வதாக முடிவு செய்து, இரண்டு மூன்று நாள் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவள் லேசில் விடமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். முன்பு ஒரு சீஸனில் எனக்கு டைஃபாய்டு வந்தபோது, மாமி இல்லாமல் எப்படிப் பாடுவது என்று தினம் ஃபோன் செய்து உயிரை எடுத்தவள். கார் அனுப்புகிறேன் என்பாள், நாற்காலி போடுகிறேன் என்பாள். அதற்கெல்லாம்கூடப் பதில் தயாராக வைத்திருந்தேன்.

“இந்த சீஸனுக்கு என்னால வர முடியாதும்மா” என்றேன். முழங்காலைப் பற்றி ஆரம்பிக்க மூச்சை இழுத்தேன்.

“சரி மாமி. உடம்பைப் பாத்துக்கோங்கோ” என்று ஃபோனை வைத்துவிட்டாள்.