மிஷினுக்கு வைத்த பொட்டு

எங்கள் கொடைக்கானல் மண் பரிசோதனைக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் அந்த அக்காவின் தலையில் எப்போதும் ஒரு மஃப்ளர் இருக்கும், மஃப்ளருக்கு மேல் கதம்பம் இருக்கும். மண்ணைத் தானே பரிசோதிக்கும் தானியங்கி மிஷின் வந்து இறங்கிய பிறகு, தினமும் காலையில் அதைத் துடைத்துக்கொண்டே, "நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேட்பார். என்னை ஒருநாளும் அப்படி விசாரித்ததில்லை.

மிஷின் முதன்முதலாக ஓட வேண்டிய அன்று, பூம்பாறைப் பூண்டு விவசாயிகள் மண்ணோடு வந்து காத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினேன். இயந்திரக் கை மண் கரைசல் இருந்த சோதனைக் குழாயைத் தூக்கியது; அதில் ஒட்டியிருந்த பார்கோடைப் படிக்க முடியாமல் திரும்ப வைத்தது. மறுபடியும் அதேதான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். என்னை நம்பித்தான் மிஷினை ஒப்படைத்திருந்தார்கள். அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்துவிட்டது.

குனிந்து பார்த்தேன். கேமராக் கண்ணாடியின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"அக்கா, இது மிஷினோட கண்ணு!"

"ஐயையோ, கண்ணுலயா வச்சேன்? மொத நாளு வெறும் நெத்தியோட சோலி பாக்க வேணாமேன்னு வச்சேன் சார்."

முந்தானையால் துடைத்தார். மிஷின் மளமளவென்று படிக்கத் தொடங்கியது.

"ஏலே, வெக்கப்பட்டுல்ல கண்ண மூடியிருக்கு!" என்றார் ஒரு விவசாயி. எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா விரலில் புதிதாகச் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு வந்தார். "அப்ப நெத்தி எதுன்னு காட்டுங்க சார், வெரசா."

ஒரு மாதம் பயிற்சிக்குப் போய்வந்த நான் மிஷினை இரண்டு சுற்று சுற்றி வந்தேன். தெரியவில்லை.

"சரி, ஓட்டுறவருக்கே வச்சுருவோம்" என்று என் நெற்றியில் வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனார்.