வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணித் தடம்

சூரமங்கலத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் ஒளியிழைத் தடங்களை முன்பதிவு செய்து கொடுப்பது என் வேலை. சேலத்திலிருந்து சென்னைக்குப் போகும் கண்ணாடி இழைக்குள் பல அலைநீளங்களில் ஒளி ஓடும். ஓர் அலைநீளம் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே சொன்னால் ஒதுக்கி வைப்போம். நேரம் முடிந்த நொடியில் இயந்திரம் அதை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். யார் கெஞ்சினாலும் அதற்குக் காது கேட்காது.

வெள்ளிக்கிழமைகளில் பத்தரையிலிருந்து எங்கள் தடங்கள் காற்று வாங்கும். பன்னிரண்டு அடித்ததும் ஒன்றுகூட மிச்சமிருக்காது. எல்லாம் ராகு காலம் செய்யும் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளரிடம், "அது ராகு காலமுங்க, பரவால்லீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மேலாளர், "இங்க ஜோசியமா பாக்கறோம்?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். ஒரு வாரம் எனக்கு ஜோசியக்காரி என்றே பெயர். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

போன வருடம் நாமக்கல் பக்கத்து மருத்துவமனை ஒன்று, ஒரு வெள்ளிக்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை தடம் கேட்டது. ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அகற்ற வேண்டும். அது குரல் நரம்பை ஒட்டி வளர்ந்திருந்தது. கத்தி பிசகினால் பேச்சே போய்விடும். சென்னையில் இருக்கும் பெரிய டாக்டர் திரையில் பார்த்து ஒவ்வொரு அசைவையும் சொல்லித் தருவார். படம் நடுவில் நிற்கக் கூடாது என்பதால் தனித்தடம். நேரத்தைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. படித்தவர்கள் கேட்கிறார்கள், நமக்கென்ன என்று பதிந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்கு மருத்துவமனையிலிருந்து போன்.

"புருசங்காரரு கையெழுத்துப் போடமாட்டேங்கறாருங்க. பன்னெண்டுக்கு மேலதான் உள்ள கூட்டிட்டுப் போகணுமாம். ரெண்டு மணி வரைக்கும் நீட்டிக் குடுங்க. அதுக்கு மேல சென்னை டாக்டரு வெளிநாடு கெளம்பறாரு. அவரு வர்ற வரைக்கும் கட்டி பொறுக்காதுங்க."

திரையைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு எல்லாத் தடமும் நிரம்பியிருந்தது. அந்தக் கணவர் மேல் வந்த எரிச்சலைவிட என் மேல் வந்ததுதான் அதிகம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே பன்னிரண்டு மணி என்று பதிந்திருக்கலாம்.

ஒருவர் பதிவை இன்னொருவருக்காக விட்டுத்தரச் சொல்வது எங்கள் விதிப்படி தப்பு. மேலாளர் பக்கம் திரும்பாமல் போனை எடுத்தேன். பதிந்திருந்தவர்களில் பலர் பெரிய நிறுவனங்கள். அவர்களிடம் பேச மனுசரே கிடைக்கமாட்டார்கள். பள்ளிபாளையத்துத் தறி முதலாளி ஒருவர் மட்டும் ஆளாகக் கிடைத்தார். அன்று அவருடைய புதுத் தறிக்கூடத்துக்குத் திறப்புவிழா. ஜவுளி வாங்கும் சென்னைக்காரர்கள் நேரலையில் பார்ப்பதற்காகப் பன்னிரண்டு முதல் இரண்டு வரை பதிந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க அம்மிணி, நானும் ராகு காலம் போகட்டும்னுதானுங்க பன்னெண்டு போட்டேன்?" என்று இழுத்தார். பிறகு, "பேச்சே போயிருமுங்களா?" என்றார்.

"போயிரலாமுங்க."

"செரி, எடுத்துக்கோங்க. வெளக்கை நாங்க பன்னெண்டுக்கே ஏத்திக்கறோம். சென்னைக்காரங்களுக்கு செல்லுல படம் புடிச்சு அனுப்பிக்கறேன்."

பன்னிரண்டுக்குத் தடத்தை மாற்றிவிட்டேன். எங்களுக்குப் படமெல்லாம் தெரியாது. திரையில் ஒரு பச்சைக்கோடு மட்டும்தான். சாப்பிடப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று ஐம்பதுக்கு, ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று மருத்துவமனையிலிருந்தே தகவல் சொன்னார்கள்.

மறுநாள், தடத்துக்காக அங்கே வைத்திருந்த எங்கள் கருவியைக் கழற்றப் போன ஆட்களோடு நானும் மருத்துவமனைக்குப் போனேன். தடம் கொடுத்தது நான்தான் என்று யாரோ சொல்ல, அந்தக் கணவர் ஓடிவந்தார்.

"டாக்டரு ஒத்துக்கவே இல்லீங்க சாமி. நாந்தான் ஒத்தக்கால்ல நின்னேன். ராகு காலத்துல மட்டும் உள்ள போயிருந்தா எம்பொண்டாட்டி ஊமையாயிருப்பாளுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்களால்தான் அவள் பேச்சே போயிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அறைக்குள்ளிருந்து கரகரத்த குரல் ஒன்று கேட்டது. "வந்தவங்கள நிக்க வெச்சே பேசறீங்களே, உள்ள வரச் சொல்லமாட்டீங்களா?"