நன்னீர் என்று எழுதினால்தான் மார்க்

பராகுவாரி நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியைப் பத்தொன்பது வருடமாகப் பெருக்கித் துடைத்தவள் தெயோலிந்தா. ஊரே மரியாதையாக ‘ஞா தெயோலிந்தா’ என்று கூப்பிடும். அவள் படித்தது மூன்றாம் வகுப்பு. மகள் சுனில்தா அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு, எல்லாப் பாடத்திலும் முதல் மார்க். அந்தப் பெருமையில் தெயோலிந்தாவுக்கு இடுப்புவலிகூட உறைத்ததில்லை.

மார்ச் மாதம் சுனில்தாவுக்கு டெங்கு வந்தது. ஐந்தாம் நாள் ஈறில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளிடம் தாய் கேட்டாள்.

“இந்தக் கொசு எங்கேருந்துடி வருது?”

“தேங்கிய நன்னீரில் முட்டையிடும். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு. நாலு பருவம்மா.” காய்ச்சலிலும் ஒரு சொல் தவறவில்லை.

“புழுன்னா நெளிஞ்சு நெளிஞ்சு நீந்துமே, அதுவா? உன் வகுப்பு ஜன்னலுக்குக் கீழ டிரம்ல கிடக்குதே?”

“அது புஸ்தகத்துல இல்லையேம்மா.”

அந்த மழைநீர் டிரம்மில்தான் தெயோலிந்தா தினமும் வாளியை முக்கித் தரை துடைத்தாள். அது என்ன புழு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் பத்தடி தள்ளி உட்கார்ந்து அதன் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

மகள் பிழைத்துக்கொண்டாள் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை, தெயோலிந்தா டிரம்மிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டுகொண்டு வகுப்புக்குள் நுழைந்தாள்.

“இது என்ன, சொல்லுங்க பிள்ளைங்களா?”

முப்பத்தொரு பேரும் எட்டிப் பார்த்தார்கள். “மண்புழுக் குட்டி!” என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. அவர்கள் தலைக்கு மேலே, அவர்களே வரைந்த கொசுப் படம் சுவரை அடைத்துக்கொண்டு தொங்கியது.

“ஞா தெயோலிந்தா, வெளிய போங்க. வியாழக்கிழமை பரீட்சை” என்றாள் கிரிசெல்தா டீச்சர்.

“எதைப் பத்தி?”

“டெங்கு.”

“வெக்கமா இல்ல டீச்சர்? படம் வரையக் கத்துக்குடுத்தீங்க, கண்ணைத் தொறந்து பார்க்கக் கத்துக்குடுத்தீங்களா? எம்புள்ள செத்திருந்தா அவ நோட்டுல ‘மிக நன்று’ போட்டிருப்பீங்க!”

முற்றத்துக்குப் போய் டிரம்மை உதைத்துக் கவிழ்த்தாள். இன்ஸ்பெக்‌ஷனுக்காக வைத்த செடிகளுக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர் என்று தலைமையாசிரியர் கத்தினார். எச்சரிக்கைக் கடிதம் நீட்டினார். தாளே கிழிந்துவிடும்போல அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து சுனில்தா தனியாகப் பரீட்சை எழுதினாள். கொசு எங்கே முட்டையிடும் என்ற கேள்விக்கு ‘எங்கள் பள்ளி டிரம்மில்’ என்று எழுதினாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுந்தது. தெயோலிந்தா விடைத்தாளோடு டீச்சர் முன்னால் போய் நின்றாள்.

“விடைக்குறிப்புல ‘தேங்கிய நன்னீர்’னுதான் இருக்கு. நான் என்ன பண்ண?” டீச்சரின் குரல் இறங்கியிருந்தது. மார்க் மாறவில்லை.

அதன்பின் சனிக்கிழமைகளில் தாயும் மகளும் வீடு வீடாகப் போய்ப் பழைய டயர்களையும் வாளிகளையும் கவிழ்த்தார்கள். மூன்றாம் வாரம் ஏழு பிள்ளைகள் கூடவே வந்தார்கள். கிரிசெல்தா டீச்சரும் ஒருநாள் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தாள். தெயோலிந்தா அவளைக் கூப்பிடவில்லை.