குப்பை பார்க்க வந்த ஆசிரியை

எங்கள் வீட்டில் குப்பை குறைவு என்பதே எனக்கு மூன்றாம் வகுப்பில்தான் தெரிய வந்தது. அது நல்லதா கெட்டதா என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்தில், மேல்மாடியில், இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. வீட்டுக்கு வீடு மஞ்சள் சாக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. பிளாஸ்டிக், தகரப்பேணி, பால் பெட்டி எல்லாவற்றையும் அதற்குள் போட்டுக் கட்டித் தெருவோரம் வைக்க வேண்டும். ஜேர்மன்காரரும் சாக்கை 'சாக்' என்றே சொல்வது சித்தப்பாவுக்குப் பெரிய மகிழ்ச்சி. "எங்களிட்டை இருந்துதான் எடுத்திருக்கிறாங்கள்" என்பார்.

சாக்குக்குள் என்ன போடுவது என்பதைப் படிப்பிக்க ஆசிரியை ஒரு வேலை தந்தார். ஒரு கிழமை வீட்டில் சேரும் வெறும் பெட்டிகளையும் உறைகளையும் கழுவி எடுத்துக்கொண்டு வர வேண்டும். மற்றப் பிள்ளைகள் வீங்கிய பைகளோடு வந்தார்கள். ஒருத்தனுடையதைத் தகப்பன் காரில் கொண்டுவந்து இறக்கினார். என்னுடைய பையில் நசுங்கிய பால் பெட்டி ஒன்றும் பிஸ்கட் உறை ஒன்றும் இருந்தன.

"மிச்சம் எங்கே?" என்று ஆசிரியை கேட்டார்.

மிச்சம் வீட்டில் இருந்தது. மாஜரின் பெட்டியில் உப்பு, ஐஸ்கிரீம் பெட்டியில் பருப்பு, ஜாம் போத்தலில் மிளகாய்த்தூள். வெட்டிய பாண் துண்டுகள் வந்த பையை அம்மா கழுவி, உடுப்புக் கொடியில் காயப்போடுவார். இதையெல்லாம் சொன்னேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. என் பையை உயரத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். எனக்குப் பரிசு தரப்போகிறாரா, தண்டனை தரப்போகிறாரா என்று விளங்காமல் எழுந்து நின்றேன். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து, எனக்கு விளங்கிய மட்டில் மொழிபெயர்த்தேன்.

"எங்கட குப்பையைப் பாக்க ரீச்சர் வாறாவாம்."

அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். "ஏனாம்?"

"குறைவாய் இருக்காம்."

அப்போது எங்கள் அகதி வழக்கு முடிவாகாமல் இருந்தது. எந்த முறைப்பாடும் வரக்கூடாது என்று வழக்கறிஞர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அதனால் எங்கள் வீட்டில் கதவைக்கூடச் சத்தமில்லாமல்தான் சாத்துவோம். அப்பா என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாகச் சொன்னேன்.

சித்தப்பா எங்களுக்கு முன்பே ஜேர்மனிக்கு வந்தவர். இந்த நாட்டைப் பற்றி வீட்டில் கடைசிச் சொல் அவருடையது. "விளங்கேல்லையோ அண்ணை? குப்பை குறைவெண்டால், களவாய் எங்கையோ கொண்டுபோய்க் கொட்டுறம் எண்டு நினைக்கினம். இஞ்ச அது பெரிய குற்றம்" என்றார்.

அதன் பிறகு வீடு தலைகீழானது. அம்மா எல்லாப் பெட்டியையும் போத்தலையும் அள்ளிக் குளியல் தொட்டிக்குள் அடுக்கித் திரைச்சீலையை இழுத்து மூடினார். கொடியில் காய்ந்த பாண் பைகளும் அங்கே போயின. சித்தப்பா கடைக்குப் போய்க் கடதாசித் தட்டுகளும் பிளாஸ்டிக் கோப்பைகளும் வாங்கி வந்தார். மரியாதையான வீட்டில் ஒருமுறை பாவித்தால் எறிந்துவிட வேண்டுமாம். சனிக்கிழமை காலையில், தெருமுனையில் யாரோ வைத்திருந்த இரண்டு மஞ்சள் சாக்குகளைத் தோளில் சுமந்து மாடியேறி வந்து, வாசல் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "இப்பதான் குடும்பம் மாதிரி இருக்கு" என்று மூச்சு வாங்கினார்.

ஆசிரியை நரைத்த தலையோடும் கையில் சின்னப் பூங்கொத்தோடும் வந்தார். அம்மா பொரித்த ரோல்ஸைக் கடதாசித் தட்டில் வைத்துக் கொடுத்தார். தேநீரின் சூட்டில் பிளாஸ்டிக் கோப்பை வளைந்தது. ஆசிரியை அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சாக்குகளைப் பார்த்தார். மெல்லிய மஞ்சளுக்குள்ளால், நாய் உணவுப் பேணிகளில் இருந்த நாய்ப் படங்கள் வரிசையாகத் தெரிந்தன.

"உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா?"

நான் தமிழில் கேட்டேன். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார்.

"ஓம் எண்டு சொல்லு" என்றார் சித்தப்பா.

"எங்கை எண்டு கேட்டால்?" என்றேன்.

"வெளியிலை போயிட்டுது எண்டு சொல்லு."

அப்படியே சொன்னேன். ஆசிரியை வளைந்த கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு கை கழுவ வேண்டும் என்று எழுந்தார். யாரும் தடுப்பதற்குள் குளியலறைக்குள் போய்விட்டார்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அதன் பின் பிளாஸ்டிக் சரிந்து விழும் சத்தம். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். தரையெல்லாம் பெட்டிகள். ஆசிரியை முழந்தாளிட்டு அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா என்னை முன்னே தள்ளினார். "நாத்தம் வீசேல்லை, கழுவித்தான் வைச்சனான் எண்டு சொல்லு பிள்ளை. நாங்கள் களவாய் ஒண்டும் கொட்டேல்லை எண்டு சொல்லு."

சொன்னேன். ஆசிரியை நிமிரவில்லை. ஒரு பாண் பையை எடுத்துத் தொடையில் வைத்து, உள்ளங்கையால் தேய்த்து நேராக்கி, நான்காக மடித்தார். அம்மா மடிப்பதும் அப்படித்தான். பிறகு என்னிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"ரீச்சரின்ர அம்மாவும் சண்டைக்குப் பிறகு இப்பிடித்தானாம். மாச்சாக்கிலை சட்டை தைச்சுக் குடுத்தவவாம். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போக ரீச்சருக்கு வெக்கமாம்."

அம்மா ஆசிரியையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கை இருந்து ஓடி வந்தவையாம்? கேள்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சண்டை என்றால் எங்கள் ஊரில் நடக்கும் சண்டை. ஓடி வந்தவர்கள் நாங்கள். இவரோ ஜேர்மன்காரி. இருந்தாலும் கேட்டேன். ஆசிரியை ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். வகுப்புச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லையே என்றேன். அந்தச் சண்டையோடு அது வேறு நாடாகிவிட்டது, பெயரும் மாறிவிட்டது என்றார்.

அம்மா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஆசிரியையும் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா தமிழில் ஏதோ சொன்னார், அவர் ஜேர்மனில் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அதுவரை என்னை விட்டால் அந்த வீட்டில் ஆளில்லை. திடீரென்று நான் யாருக்கும் தேவைப்படவில்லை. எனக்கு அழுகை வந்தது.

போகும்போது மிச்ச ரோல்ஸை அம்மா ஓர் ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்ற சித்தப்பாவைப் பார்த்து, தான் நலம் விசாரித்ததாக நாயிடம் சொல்லச் சொன்னார் ஆசிரியை.

கதவு சாத்தியதும் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "கடைசியிலை என்ன முடிவாம்? முறைப்பாடு எழுதிப் போடுவாவோ?"

"குப்பையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டிகளைத் திரும்பவும் குசினிக்குக் கொண்டுபோனார். "பாவம், அதுவும் ஓடி வந்த பிள்ளை" என்றார்.

அம்மா யாரைப் பிள்ளை என்கிறார்? ஜேர்மனியில் இருக்கும் ஜேர்மன்காரி எங்கிருந்து எங்கே ஓடி வர முடியும்? யன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். கீழே அந்த நரைத்த தலை, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பஸ் தரிப்பிடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் கவனமாகப் பார்த்தேன். ஆசிரியை ஓடவில்லை. எல்லோரையும் போல நடந்துதான் போனார்.